மாஸ்டர் என்று யாரை அழைப்பது? வடசென்னைக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்பிற்காகவோ வடசென்னைக்கு வந்து ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வீடு பிடித்திருப்பவர்களின் காதில் முதல் நாளிலிருந்தே விழும் சொற்களில் ஒன்று 'மாஸ்டர்'. டீக்கடையில் ஒரு மாஸ்டர், தையற்கடையில் ஒரு மாஸ்டர், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் ஒரு மாஸ்டர், ரயில் நிலையத்தில் ஒரு மாஸ்டர், உயர் நீதிமன்றத்திலும் ஒரு மாஸ்டர். இத்தனை பேருக்கும் ஒரே சொல் வழங்கினாலும், எல்லாருக்கும் அது ஒரே பொருளில் வழங்கவில்லை. யாரை எப்படி அழைப்பது, எந்த வேலைக்கு யாரிடம் போவது, கையில் வந்த கடிதத்திலோ விண்ணப்பத்திலோ இருக்கும் 'மாஸ்டர்' எந்த மாஸ்டர் என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. பிறர்மேல் அதிகாரம் உடையவர் என்பது ஒன்று. ஒரு தொழிலிலோ கலையிலோ கைதேர்ந்தவர் என்பது மற்றொன்று. வீட்டின் தலைவர், அடிமையின் உடைமையாளர், நாயை வளர்ப்பவர், கப்பலின் பொறுப்பாளர் ஆகியோர் முதல் முகத்தைச் சேர்ந்தவர்கள். ஓவியத்தில் தேர்ந்தவர், சதுரங்கத்தில் தேர்ந்தவர், முதுகலைப் பட்டம் பெற்றவர் ஆகியோர் இரண்டாம் முகத்தைச் சேர்ந்தவர்கள். வடசென்னையின் தெரு இவற்றில் திறமை என்ற முகத்தைத்தான் தனக்கென எடுத்துக்கொண்டது. அதிகாரம் என்ற முகம் அலுவலகங்களோடும் சட்டப் புத்தகங்களோடும் நின்றுவிட்டது. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

சொல் வந்த வழி

இலத்தீன் மொழியின் 'மாகிஸ்தெர்' என்பதே இதன் மூலம். 'மிகுதி' என்னும் பொருளுள்ள 'மாகிஸ்' என்ற சொல்லோடு தொடர்புடையது அது. பிறரைவிட மேலே இருப்பவர் என்பது அதன் அடிப்படைக் கருத்து. பழைய பிரெஞ்சின் வழியாகவும் கிறித்தவக் குருமார்களின் இலத்தீன் வழியாகவும் அது ஆங்கிலத்திற்குள் வந்து 'மாஸ்டர்' ஆயிற்று. 'மாஸ்டர்' என்பதைப் பெயருக்கு முன்னால் அழுத்தமின்றிச் சொல்லிச் சொல்லித்தான் 'மிஸ்டர்' பிறந்தது. இத்தாலியில் அதே மூலச்சொல் இசைக்கலைஞர்களைக் குறிக்கும் 'மேஸ்ட்ரோ' ஆனது. ஜெர்மன் மொழியில் 'மைஸ்டர்' ஆனது. போர்ச்சுகீசில் 'மெஸ்த்ரெ' ஆனது.

இந்தப் போர்ச்சுகீசிய வடிவம் ஆங்கிலேயருக்கு முன்பே நம் கடற்கரைக்கு வந்து 'மேஸ்திரி' என்று தமிழோடு கலந்துவிட்டது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகியவை வந்த அதே வழியில் வந்த சொல் அது. ஆகவே கட்டடம் கட்டும் இடத்தில் நிற்கும் மேஸ்திரியும் டீக்கடையில் நிற்கும் மாஸ்டரும் ஒரே சொல்லின் இரண்டு வரவுகள். ஆனால் இரண்டும் இன்று ஒன்றுக்குப் பதில் ஒன்றாக நிற்பதில்லை. கட்டட வேலையில் ஆட்களைத் திரட்டி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, கூலியை வாங்கித் தருபவர் மேஸ்திரி. அவரை 'மாஸ்டர்' என்று அழைத்தால் யாரைச் சொல்கிறீர்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வாறே, பரோட்டாக் கல்லின் முன் நிற்பவரை 'மேஸ்திரி' என்பதும் பொருந்தாது. கட்டடத்திற்கு மேஸ்திரி, அடுப்பிற்கு மாஸ்டர் என்பதை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் கையைப் பாருங்கள்

புதிய கடை ஒன்றிற்குள் நுழைந்ததும் யார் மாஸ்டர் என்று தெரியவில்லையென்றால், யாருடைய கையில் தொழில் இருக்கிறது என்று பாருங்கள். கல்லாவில் இருப்பவர் பணத்தை வாங்குபவர். அவர் முதலாளியாகவோ முதலாளியின் மகனாகவோ சம்பளத்திற்கு இருக்கும் கணக்காளராகவோ இருக்கலாம். அவரை 'அண்ணா' என்றோ 'சார்' என்றோ 'பாய்' என்றோ ஆளுக்கேற்ப அழைப்பார்களே தவிர, 'மாஸ்டர்' என்று அழைப்பதில்லை. பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் மாஸ்டர். முதலாளியே டீயும் போடும் சிறிய கடைகளில், அவர் பாய்லர் பக்கம் நிற்கும்வரை மாஸ்டர். கல்லாவிற்கு வந்து சில்லறை எண்ணும்போது அண்ணா. அதே மனிதர் நான்கடி நகர்ந்ததும் விளி மாறுவதை நீங்களே கவனிக்கலாம்.

டீ மாஸ்டரின் வேலையைச் சில நிமிடங்கள் நின்று பார்ப்பது, இந்தச் சொல்லுக்கு இங்கே என்ன மதிப்பு என்பதைப் புரிந்துகொள்ள உதவும். காலை ஏழு மணி வாக்கில், ஷிப்ட் மாறும் நேரத்தில், கடை வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள். ஒருவர் லைட், ஒருவர் ஸ்ட்ராங், ஒருவர் சர்க்கரை கம்மி, இன்னொருவர் சர்க்கரையே வேண்டாம், மற்றொருவர் பார்சல் என்று சொல்வார்கள். மாஸ்டர் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். கிளாஸ்களைக் கொதிநீரில் ஒரு சுழற்றுச் சுழற்றிக் கவிழ்த்து, வரிசையாக அடுக்கி, சர்க்கரையை அளவு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, துணி வடியில் ஊறிய தூளின்மேல் வெந்நீர் விட்டு டிகாஷனை இறக்குவார். பால் கலந்ததும் ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயுமாக ஆற்றும்போது, நுரை எழும்புகிறதே தவிர ஒரு சொட்டும் வெளியே சிந்துவதில்லை. சர்க்கரை வேண்டாம் என்றவருக்குச் சர்க்கரை போட்ட கிளாஸ் தவறியும் போகாது. வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய டீ தயாராகிக்கொண்டிருப்பதும் உண்டு. 'மாஸ்டர்' என்று அவரை அழைப்பது இந்த நினைவாற்றலுக்கும் கைப்பழக்கத்திற்கும் தெரு கொடுக்கும் பட்டம்.

எனவே கேட்கும் முறையும் எளிது. "மாஸ்டர், ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சக்கர கம்மி" என்று சொன்னால் போதும். பழகியவர்கள் "இன்னா மாஸ்டர், சாப்டீங்களா?" என்று தொடங்குவார்கள். புதியவர்கள் இந்த ஊர்ப் பேச்சை வலிந்து பேச வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேளுங்கள், 'மாஸ்டர்' என்ற விளி மட்டும் இருந்தால் போதும். வயதில் இளையவராக இருந்தாலும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் அழைக்க வேண்டும். 'தம்பி' என்பது கிளாஸ் எடுத்து வரும் பையனுக்கு உரியது. மாஸ்டர் என்று அழைத்துவிட்டு 'நீ' என்று ஒருமையில் பேசுவதும் இசையாது.

உணவகத்தில் வேலை தேடி வந்திருப்பவர்கள் இன்னும் சில பிரிவுகளைத் தெரிந்திருக்க வேண்டும். 'ஆட்கள் தேவை' என்று கடை வாசலில் தொங்கும் அட்டைகளில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தோசை மாஸ்டர், பிரியாணி மாஸ்டர், ஸ்வீட் மாஸ்டர் என்று தனித்தனியே எழுதியிருப்பார்கள். இவற்றுள் 'சரக்கு மாஸ்டர்' என்பது புதியவர்களைக் குழப்பக்கூடியது. துறைமுகத்தின் அருகே இருப்பதால் சரக்குக் கப்பலோடும் லாரியோடும் தொடர்புள்ள வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மதுவோடும் அதற்குத் தொடர்பில்லை. சாம்பார், குருமா, குழம்பு, கூட்டு என்று அன்றைய சமையலின் அடிப்படைப் பண்டங்களை ஆக்கி வைப்பவரே சரக்கு மாஸ்டர். பல கடைகளில் சமையற்கட்டின் உண்மையான தலைவர் அவர்தான், ஏனெனில் மற்ற மாஸ்டர்கள் எல்லாரும் பரிமாறும் நேரத்தில் அவர் ஆக்கி வைத்ததையே நம்பி நிற்கிறார்கள்.

இந்தப் பெயரை யாரும் சேர்ந்த நாளிலேயே பெறுவதில்லை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, மேசை துடைத்து, வெங்காயம் நறுக்கி, மாவு பிசைந்து, உருண்டை பிடித்து, பிறகுதான் ஒருவர் கல்லருகே நிற்க அனுமதிக்கப்படுகிறார். அதுவரை அவர் 'ஹெல்பர்'. இடைக்கால ஐரோப்பாவின் கைவினைஞர் சங்கங்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் இருந்தது. தொழில் பழகும் சிறுவன், கூலிக்குச் செய்யும் தேர்ந்த ஆள், அதற்குப் பின் மாஸ்டர் என்ற மூன்று நிலைகளில், கடைசி நிலைக்கு வர விரும்புகிறவர் தம் கையால் ஒரு பொருளைச் செய்து சங்கத்தின் முன் வைக்க வேண்டும். இன்று ஒரு கலைஞரின் தலைசிறந்த படைப்பைச் சொல்லும் 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல் அந்தத் தேர்வுப் பொருளிலிருந்து வந்தது. அங்கே சங்கம் இருந்தது, முத்திரை இருந்தது. இங்கே முத்திரை எதுவும் இல்லை. வாடிக்கையாளர்கள் ஒருவரை மாஸ்டர் என்று அழைக்கத் தொடங்கும் நாளில் அவர் மாஸ்டர் ஆகிறார்.

ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாலை வேளைகளில் தெருவோரத்தில் இட்லியும் வடையும் மீன் வறுவலும் செய்து விற்கும் பெண்கள் வடசென்னை முழுவதும் இருக்கிறார்கள். மாவின் பதம், எண்ணெயின் சூடு, மசாலாவின் அளவு ஆகியவற்றில் எந்த மாஸ்டருக்கும் அவர்கள் இளைத்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்களை யாரும் 'மாஸ்டர்' என்பதில்லை. 'அக்கா' என்றும் 'ஆயா' என்றும்தான் அழைக்கிறார்கள். உறவுமுறை சொல்லி அழைப்பதில் அன்பு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் திறமைக்கென்று ஒரு பெயர் ஆண்களுக்கு இருக்கும்போது, அதே திறமைக்குப் பெண்களுக்கு உறவுப்பெயர் மட்டுமே கிடைப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எம்.சி. ரோட்டில்

துணி எடுப்பதற்குப் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிற்குப் போகாதவர்கள் வடசென்னையில் குறைவு. எடுத்த துணியைத் தைக்கக் கொடுக்கும்போது இன்னொரு மாஸ்டரைச் சந்திப்பீர்கள். தையற்கடையில் உள்ள எல்லாரும் மாஸ்டர்கள் அல்லர் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மிஷினில் உட்கார்ந்து தைப்பவர் டெய்லர். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவர் வேறொருவர். அளவு எடுத்து, துணியை விரித்து, கோடு போட்டு, கத்தரியை வைப்பவரே கட்டிங் மாஸ்டர், சுருக்கமாக, மாஸ்டர். தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் கடையின் பெயரே அவருடைய கத்தரியில்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் தேவையை முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மாஸ்டரிடமே நேரில் சொல்லுங்கள். அவர் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பால் உயரம், தோள், கை, மார்பு, இடுப்பு என்று அளந்துகொண்டே எண்களை நோட்டில் எழுதுவார். துணியின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி அதே பக்கத்தில் பின் அடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லூஸ் எவ்வளவு வேண்டும். உள்ளே பிரித்து விடுவதற்குத் துணி விட்டு வெட்ட வேண்டுமா. துணி தண்ணீரில் நனைத்ததா நனைக்காததா. நனைக்காத பருத்தித் துணி முதல் சலவையிலேயே சுருங்கும் என்பதால், மூன்றாவது கேள்வியைப் பல மாஸ்டர்கள் தாங்களாகவே கேட்டுவிடுவார்கள். குழந்தைகளின் சீருடை என்றால் கட்டாயம் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே உடையை இறக்கிவிட்டுப் போடலாம்.

பயிற்சிக் கூடங்களும் பள்ளிகளும்

வடசென்னையில் குத்துச்சண்டை, சிலம்பம், கராத்தே, கேரம், கால்பந்து, நடனம், பேண்டு வாத்தியம் என்று எதைக் கற்கப் போனாலும் கற்றுத் தருபவரை மாஸ்டர் என்று அழைப்பதே பெருவழக்கு. இங்கு இந்தச் சொல்லில் திறமையோடு ஓர் உரிமையான பற்றும் சேர்கிறது. குத்துச்சண்டைக்கு இந்தப் பகுதியில் நீண்ட மரபு உண்டு. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று வீரர்கள் தங்கள் பயிற்சி மரபைச் சொல்லி வந்தார்கள். அந்தத் தலைமுறையினர் பேச்சில் பயிற்சி தந்தவர் 'வாத்தியார்'. இன்றைய இளைஞர்கள் பேச்சில் அவர் 'மாஸ்டர்', அல்லது 'கோச்'. சிலம்பத்தில் 'ஆசான்' என்பதும் நிலைத்திருக்கிறது. நீங்கள் சேரும் கூடத்தில் மூத்த மாணவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதையே நீங்களும் சொல்லுங்கள். வாத்தியார் என்று அழைத்துப் பழகிய ஒரு பெரியவரைக் கோச் என்று அழைத்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் அந்த இடத்திற்கு நீங்கள் இன்னும் வேற்றாள்தான் என்பது உடனே தெரிந்துவிடும்.

மாஸ்டரைப் பெயர் மட்டும் சொல்லி அழைப்பதோ, மற்றவர்களிடம் பேசும்போது பெயர் மட்டும் சொல்லிக் குறிப்பதோ கூடாது. பெயரோடு மாஸ்டரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரைப்பட நடன இயக்குநர்களைக் கலா மாஸ்டர், பிருந்தா மாஸ்டர் என்று நாடே அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் மாஸ்டர் என்பது ஆண்பாற்சொல்லாகவே இருந்து, பெண்ணுக்கு 'மிஸ்ட்ரஸ்' என்ற வேறு சொல் வழங்கியது. தமிழில் நடனத் துறையினர் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஒரே பட்டத்தை இருபாலர்க்கும் கொடுத்துவிட்டார்கள். இட்லிக் கடை அக்காவுக்குக் கிடைக்காத பட்டம் இங்கே பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது என்றால், மற்ற தொழில்களிலும் அதைக் கொடுப்பதற்கு மொழி தடையாக இல்லை என்றே பொருள்.

பள்ளியில் சொல் மறுபடியும் இடம் மாறுகிறது. கணக்கும் அறிவியலும் நடத்தும் ஆண் ஆசிரியர் 'சார்', பெண் ஆசிரியர் 'டீச்சர்' அல்லது 'மிஸ்'. ஆனால் விளையாட்டுச் சொல்லித் தருபவர் மட்டும் 'பி.டி. மாஸ்டர்', ஓவியம் சொல்லித் தருபவரும் பல பள்ளிகளில் 'டிராயிங் மாஸ்டர்'. உடலாலும் கையாலும் செய்து காட்டிக் கற்பிப்பவருக்கே இந்தப் பெயர் சேர்கிறது என்று நான் நினைக்கிறேன். தெருவில் நாம் பார்த்த வழக்கோடு அது ஒத்துப்போகிறது. தலைமை ஆசிரியரை ஆங்கிலத்தில் ஹெட்மாஸ்டர் என்பதால் எல்லாரும் 'எச்.எம்.' என்கிறார்கள், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மாற்றுச் சான்றிதழுக்கோ சேர்க்கைக்கோ கடிதம் எழுதும்போது 'தலைமை ஆசிரியர் அவர்கள்' என்றே எழுதுங்கள்.

சதுரங்கத்தில் 'கிராண்ட்மாஸ்டர்' என்பது அழைப்புப் பெயர் அன்று. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு தரும் பட்டம். 2500 தரப்புள்ளியை எட்டி, பன்னாட்டுப் போட்டிகளில் குறித்த தகுதிநிலைகளையும் நிறைவு செய்தவருக்கே அது கிடைக்கும். சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பத்து வயதுச் சிறுவனுக்குச் சதுரங்கம் சொல்லித் தருபவரைப் பிள்ளைகள் மாஸ்டர் என்று அழைக்கலாம். அதைக் கேட்டு, அவர் பட்டம் பெற்றவர் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பயிற்சிக் கட்டணம் கட்டும் முன் அவருடைய தரப்புள்ளியைக் கேட்பதில் தவறில்லை.

அலுவலகத்தின் மாஸ்டர்கள்

இனி வருபவர்கள் அதிகாரத்தின் பக்கம் இருப்பவர்கள். வடசென்னை கடலோடும் தண்டவாளத்தோடும் வளர்ந்த பகுதியாதலால் இத்தகைய பதவிகள் இங்கே நிறைய உண்டு.

துறைமுகத்திலோ கப்பல் முகவர் அலுவலகத்திலோ வேலைக்குச் சேர்ந்திருந்தால், காகிதங்களில் வரும் 'மாஸ்டர்' கப்பலின் கேப்டனைக் குறிக்கும். பேச்சில் எல்லாரும் கேப்டன் என்றாலும், சட்டத்தில் அவருடைய பெயர் மாஸ்டர்தான். 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், பைலட்டும் துறைமுக அதிகாரியும் நீங்கலாக, கப்பலின் தலைமையோ பொறுப்போ யார் கையில் இருக்கிறதோ அவரை மாஸ்டர் என்று வரையறுத்தது. இதை நுட்பமாகக் கவனிக்க வேண்டும். துறைமுகத்திற்குள் கப்பலை வழிநடத்த, உள்ளூர் நீரோட்டமும் ஆழமும் அறிந்த பைலட் ஏறுவார். திறமை அவருடையது, ஆனால் பட்டம் அவருக்கு இல்லை, ஏனெனில் கப்பலின் பொறுப்பு கேப்டனிடமே இருக்கிறது. டீக்கடையில் பார்த்ததற்கு இது நேர்மாறு. அதே துறைமுகத்தில் 'ஹார்பர் மாஸ்டர்' என்பவர் வேறு. எந்தக் கப்பல் எப்போது உள்ளே வருவது, எங்கே கட்டுவது போன்ற கடற்போக்குவரத்தைக் கவனிக்கும் துறைமுக அதிகாரி அவர். இந்த இருவரையும் குழப்பிக்கொண்டு ஒரு கடிதத்தை அனுப்பினால் வேலை ஒரு நாள் தள்ளிப்போகும்.

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்துதான் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டிற்குப் புறப்பட்டது. 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்ற பதவிப் பெயரும் ரயிலோடு வந்து, இன்றும் மாறாமல் இருக்கிறது. பொருள் தொலைந்தாலோ உடன் வந்தவர் மயங்கி விழுந்தாலோ நடைமேடையில் யாரைத் தேடுவது என்று தயங்காமல் நேராக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குச் செல்லுங்கள். அஞ்சல் நிலையத்தில் இருப்பவர் போஸ்ட் மாஸ்டர். தமிழில் 'அஞ்சல் நிலைய அதிகாரி' என்று எழுதலாம். இவர்கள் இருவரையும் நேரில் 'மாஸ்டர்' என்று அழைக்கும் வழக்கம் இல்லை. 'சார்' என்றோ 'மேடம்' என்றோதான் அழைக்க வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 'மாஸ்டர்' என்ற பெயரிலேயே ஓர் அதிகாரி இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. உயர் நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடுக்கப்படும் உரிமையியல் வழக்குகளில் சாட்சியம் பதிவு செய்வது, நடைமுறை சார்ந்த மனுக்களைக் கவனிப்பது போன்ற பணிகள் அவருக்கு உரியவை. 'மாஸ்டர் கோர்ட்' என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். சொத்து வழக்கு ஒன்றில் மாஸ்டர் முன்பு ஆஜராகுமாறு உங்களுக்கு அறிவிப்பு வந்தால், அதைச் சாதாரணக் கடிதமாக எண்ணி ஒதுக்கிவிடாமல் அன்றே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பொருள்களின் முன் வரும்போது

பொருளின் பெயருக்கு முன் வரும்போது, எல்லாவற்றையும் அடக்கியது அல்லது மற்றவற்றை இயக்குவது என்பதே 'மாஸ்டர்' என்பதன் பொருள். எல்லாப் பூட்டையும் திறப்பது மாஸ்டர் கீ. உடல் முழுவதையும் ஒருசேரப் பரிசோதிப்பது மாஸ்டர் செக்கப். நகரம் முழுவதற்குமான நிலப்பயன்பாட்டை வரையறுப்பது மாஸ்டர் பிளான். சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1976-இலும் இரண்டாவது 2008-இலும் நடைமுறைக்கு வந்தன. மாதவரம், மணலி, எண்ணூர் பக்கம் மனை வாங்க நினைப்பவர்கள், அந்த இடம் அதில் குடியிருப்பா, தொழிற்சாலைப் பகுதியா, நீர்ப்பிடிப்பா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வண்டிப் பட்டறையில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக் முதலில் 'மாஸ்டர் சிலிண்டர்' லீக்காகிறதா என்று பார்ப்பார். மிதியை அழுத்தும்போது எண்ணெய்க்கு அழுத்தம் கொடுத்துத் தள்ளும் உருளை அது. கிளட்சில் அந்த அழுத்தத்தை வாங்கிச் செயல்படும் மற்றோர் உருளைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லேவ்', அதாவது அடிமை, என்று பெயர். இந்த இணைப் பெயரில்தான் சொல்லின் பழைய கொடுமையான முகம் வெளிப்படுகிறது. மனிதரை உடைமையாக வைத்திருந்தவரையும் ஆங்கிலம் இதே சொல்லால்தான் குறித்தது. அதனால்தான் கணினித் துறையில் இந்த இணைப்பெயர்களை விலக்கத் தொடங்கினார்கள். கணினி நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனம் 2020 அக்டோபர் முதல் புதிய திட்டங்களில் நிரலின் முதன்மைக் கிளைக்கு 'மாஸ்டர்' என்பதை விட்டு 'மெயின்' என்று பெயரிட்டது. ஐ.டி. வேலையில் சேர்ந்திருப்பவர்கள் இதை அறிந்து, வெளிநாட்டவரோடு பேசும்போதும் எழுதும்போதும் புதிய பெயர்களையே கையாளுவது நல்லது. தமிழில் அந்தப் பொருளுக்கு 'எஜமான்', 'ஆண்டை' என்ற வேறு சொற்கள் இருந்ததால், நம் தெருவின் மாஸ்டர்மேல் அந்தக் கறை படியவில்லை.

விண்ணப்பங்களில்

விமானச் சீட்டு எடுக்கும்போதும் ஆங்கில விண்ணப்பங்களை நிரப்பும்போதும், பெயருக்கு முன் மிஸ்டர், மிஸ் ஆகியவற்றோடு 'மாஸ்டர்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். அது சிறுவர்களுக்கானது, தமிழில் 'செல்வன்' என்பதற்கு ஈடானது. திரைப்படங்களில் குழந்தை நட்சத்திரங்களின் பெயருக்கு முன் சிறுவனுக்கு 'மாஸ்டர்' என்றும் சிறுமிக்கு 'பேபி' என்றும் போடுவது இந்த வழக்கத்தை ஒட்டியதே. முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் 'மாஸ்டர்ஸ் முடித்திருக்கிறேன்' என்ற நினைப்பில் இந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது.

கடைசியாக, உருவத்தில் ஒத்திருந்தும் உறவில்லாத ஒரு சொல். தினக்கூலி வேலைகளில் 'மஸ்டர் ரோல்' என்று ஒரு பதிவேடு இருக்கும். சிலர் அதை 'மாஸ்டர் ரோல்' என்றே சொல்வார்கள். அது காட்டுதல் என்னும் பொருளுள்ள வேறோர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆட்களைத் திரட்டி வருகையைப் பதிவு செய்வதைக் குறிப்பது. கூலி கணக்கிடுவதும், விபத்து நேர்ந்தால் நீங்கள் அங்கே வேலை செய்தவர் என்பதை நிறுவுவதும் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான். ஆகவே கிடங்கிலோ துறைமுகத்திலோ கட்டட வேலையிலோ சேர்ந்தால், உங்கள் பெயரும் வந்த நாட்களும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று முதல் வாரத்திலேயே மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ கேட்டு, முடிந்தால் அந்தப் பக்கத்தை நேரில் பார்த்துவிடுங்கள்.